29 காசுக் கணக்கு: பேரேட்டில் ஏற்றிப் பார்ப்போமா?

இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கடைத்தெருவில் எந்தக் கடை முன் நின்றாலும் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "நாம் டெல்லிக்கு ஒரு ரூபாய் வரி கட்டினால் திரும்பி வருவது 29 காசுதான். உத்தரப் பிரதேசத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் போகிறது. பீகாருக்கு ஏழு ரூபாய் போகிறது." மாநில அமைச்சர்களே மேடையில் இதைச் சொன்னார்கள். மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 ஜனவரியில் சென்னையில் வேறொரு கணக்கைச் சொன்னார். 2014-லிருந்து தமிழ்நாட்டில் வசூலான நேரடி வரி 6.23 லட்சம் கோடி ரூபாய், தமிழ்நாட்டுக்குத் தந்தது 6.96 லட்சம் கோடி ரூபாய், எனவே வாங்கியதைவிடக் கொடுத்ததே அதிகம் என்பது அவர் வாதம்.

ஒரே கணக்கில் ஒருவர் பாக்கி வரவேண்டும் என்கிறார். மற்றவர் கூடுதலாகவே கொடுத்துவிட்டோம் என்கிறார். நம் தொழிலில் இப்படி இரண்டு சிட்டை வந்து நின்றால் என்ன செய்வோம்? இரண்டு பேருடைய குரலையும் எடை போட மாட்டோம். பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பதிவு விட்டுப்போயிற்று, எது இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று ஒத்துப் பார்ப்போம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்ய முயல்கிறோம்.

இது அரசியல்வாதிகளின் சண்டை, வியாபாரிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வரியைச் சுமப்பவர் வாடிக்கையாளர் என்றாலும், அதை வசூலித்து மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர்கள் நாம்தான். போராட்டம் என்றால் முதலில் இறங்குவது நம் கடை ஷட்டர். மந்திரிக்கும் அதிகாரிக்கும் மனு கொடுப்பதும் நம் சங்கங்கள். தப்பான எண் ஒன்று மனுவில் ஏறிவிட்டால், அந்த ஓர் எண்ணைக் காட்டியே மனு முழுவதையும் தள்ளிவிடுவார்கள். நியாயமான கோரிக்கையும் அதோடு போய்விடும்.

வசூலான இடமும் சுமந்தவர் இடமும்

"தமிழ்நாடு கட்டிய வரி" என்பதை முதலில் பார்ப்போம். வருமான வரித்துறையின் மாநிலவாரிப் பட்டியல், வரி எங்கே செலுத்தப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள கம்பெனி, லக்னோவிலும் பாட்னாவிலும் விற்றுச் சம்பாதித்த லாபத்துக்கும் சென்னையில் வரி கட்டலாம். மும்பையில் தலைமை அலுவலகம் உள்ள கம்பெனி, நம் கடைகளில் சோப்பும் பிஸ்கெட்டும் விற்ற லாபத்துக்கு மும்பையில் வரி கட்டும். அது மகாராஷ்டிரத்தின் கணக்கில் ஏறும்.

சுங்க வரியும் அப்படித்தான். வெளிநாட்டுச் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி பெங்களூருக்குப் போனால், வரி வசூலானது தமிழ்நாட்டில். பாமாயில் காக்கிநாடாவில் இறங்கி நம் ஊருக்கு டின்னில் வந்தால், வரி வசூலானது ஆந்திராவில். சுமந்தது திருவண்ணாமலையில் வடை சுடும் அம்மா.

பழைய வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. வெளிமாநிலத்திலிருந்து 'சி' பாரம் கொடுத்துச் சரக்கு எடுத்த காலத்தில் மத்திய விற்பனை வரி என்று ஒன்று கட்டினோமே, நினைவிருக்கிறதா? பெயர்தான் மத்திய வரி. பணம் முழுவதும் சரக்கை விற்ற மாநிலத்தின் கஜானாவுக்குப் போயிற்று. சுமந்தவர் நம் வாடிக்கையாளர். வாங்கிக்கொண்டது வேறு மாநிலம். அந்த வழியில் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள் வெளியே அனுப்பிய சரக்குக்குத் தமிழ்நாடும் வாங்கிக்கொண்டது.

2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. இந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. இப்போது சரக்கு எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநில வரிப் பங்கு. பௌர்ணமிக்கு ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வந்து குவியும் பக்தர்கள் நம் கடைகளில் வாங்கும் பொருளுக்கும், லாட்ஜ் அறைக்கும் கட்டும் வரியில் பாதி நேராகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. இந்தப் பாதி டெல்லிக்குப் போய்த் திரும்புவதே இல்லை. ஆகவே "ஒரு ரூபாய் கட்டினோம்" என்ற வரியில் எந்த ரூபாய், யார் கட்டியது என்பதே முதல் கேள்வி.

திரும்பி வந்தது எது?

அடுத்து வரவுப் பக்கம். 29 காசு என்பது பெரும்பாலும் வரிப் பகிர்வை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ரேஷன் கடைக்கு மத்தியத் தொகுப்பிலிருந்து வரும் அரிசி, உழவர் வாங்கும் யூரியா, டி.ஏ.பி. மூட்டைக்கு உரக் கம்பெனிக்குத் தரப்படும் மானியம், நூறு நாள் வேலைக்குத் தந்த கூலி, திண்டிவனம்–திருவண்ணாமலை–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலைக்குச் செய்த செலவு, இவை எதுவும் அந்த 29 காசில் இல்லை. ராணுவம் போன்ற பொதுச் செலவுகளை மாநிலவாரியாகப் பிரிக்கவும் முடியாது.

அப்படியானால் நிதியமைச்சரின் கணக்கு சரியா? அதிலும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. 6.23 லட்சம் கோடி என்பது நேரடி வரி மட்டும். கலால், சுங்கம், மத்திய ஜி.எஸ்.டி., செஸ் எதுவும் அதில் சேரவில்லை. கொடுத்த பக்கத்தில் மட்டும் பகிர்வு, மானியம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். வாங்கிய சரக்கில் பாதிக்கு மட்டும் பில் எழுதிவிட்டு, கொடுத்த பணத்தை முழுவதும் எழுதினால் எந்தக் கணக்கும் லாபமாகத்தான் தெரியும். ஒருவர் வரவைச் சுருக்கினார், மற்றவர் பற்றைச் சுருக்கினார். இரண்டு சிட்டையும் அப்படியே ஏற்கத்தக்கவை அல்ல.

தலைக்கு எவ்வளவு?

மாநிலங்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது நிதிக் கமிஷன். அரசியல் சட்டத்தின் 280-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படுவது. என்.கே. சிங் தலைமையிலான 15-வது கமிஷன், 2021-26 காலத்துக்கு, பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்று வைத்தது. அந்த மாநிலப் பங்கை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரா, தெலங்கானா ஐந்தையும் சேர்த்தாலே 15.8தான் வருகிறது. மேடையில் இது பெரிதாக ஒலிக்கும்.

ஆனால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து வியாபாரி விலை சொல்வதில்லை. மூட்டைக்கு எத்தனை கிலோ என்று கேட்பான். அதுபோலத் தலைக்கணக்குப் போடுவோம். 2011 மக்கள்தொகைப்படி எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 100 காசு என்று வைத்துக்கொள்வோம். அப்போது உத்தரப் பிரதேசத்தாருக்கு 109 காசு, பீகாருக்கு 117 காசு, தமிழ்நாட்டுக்கு 68 காசு வருகிறது. கேரளத்துக்கு 70, கர்நாடகத்துக்கு 72. ஆக, ஏழு ரூபாய்க்கும் 29 காசுக்கும் உள்ள இடைவெளி இங்கே இல்லை. ஆனாலும் சமப் பங்கில் நமக்கு 32 காசு குறைகிறது. இந்தக் குறைவு உண்மை. இதை யாரும் மறுக்க முடியாது. தலைக்கணக்கில் உச்சியில் நிற்பதோ உத்தரப் பிரதேசமும் அல்ல, பீகாரும் அல்ல. நம் மலையின் பெயரை நினைவூட்டும் அருணாசலப் பிரதேசம்தான், பரப்பும் காடும் அதிகம், ஆள் குறைவு என்பதால் சமப் பங்கைப்போல் பதினைந்து மடங்கு பெற்றது.

ஏன் இப்படி? 15-வது கமிஷன் 100 மதிப்பெண்ணில் 45-ஐ வருமான இடைவெளிக்கு வைத்தது. அதாவது, ஏழை மாநிலத்துக்கு அதிகம். மக்கள்தொகைக்கு 15, பரப்புக்கு 15, காட்டுக்கு 10, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு 2.5. நாம் வளர வளர, வருமான இடைவெளியில் நமக்கு வரும் மதிப்பெண் குறைகிறது.

10-வது கமிஷன் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 6.637. பிறகு 5.385, 5.305, 4.969, 4.023 என்று இறங்கியே வந்திருக்கிறது. 1995 முதல் 2020 வரையிலான அந்தக் காலத்தில் டெல்லியில் எல்லாக் கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. தமிழ்நாட்டுக் கட்சிகளும் அந்த மந்திரி சபைகளில் இருந்தன. 5.305 என்று நிர்ணயித்த 12-வது கமிஷனின் தலைவர் சி. ரங்கராஜன் தமிழர். ஆகவே ஒரு கட்சி செய்த சதி, ஒரு மொழிக்காரர் செய்த வஞ்சகம் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. இடம் தருவது சூத்திரத்தைப் பற்றிய கேள்விக்குத்தான். ஏழைக்குக் கொடுப்பது சரி. ஆனால் உழைத்து வளர்ந்தவனுக்கு எவ்வளவு தூரம் குறைப்பது?

டீசலில் இருக்கும் உண்மையான குறை

மேடையில் அதிகம் பேசப்படாத ஒரு குறையை இங்கே சொல்ல வேண்டும். 41 சதவீதம் என்பது பகிர்வுக்குரிய வரியில்தான். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம் பகிர்வுக்கு வராது. அரசியல் சட்டமே அப்படி விலக்கு வைத்திருக்கிறது. 2011-12-இல் மத்திய அரசின் மொத்த வரியில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருந்த செஸ்-சர்சார்ஜ், 2020-21-இல் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது.

நம் லாரி வாடகையோடு சேர்ந்த உதாரணம் டீசல். 2021 பிப்ரவரி முதல் அந்த ஆண்டு நவம்பரில் குறைக்கும் வரை, ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய வரி 31 ரூபாய் 80 காசு. அதில் பகிர்வுக்குரிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு மட்டும். மிச்சம் 30 ரூபாயும் செஸ்ஸும் சிறப்பு வரியும். அந்த 1.80-இல் 41 சதவீதம், சுமார் 74 காசு, எல்லா மாநிலங்களுக்கும். அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்றால் 3 காசு! லிட்டருக்கு 31 ரூபாய் 80 காசு வாங்கி 3 காசு பகிர்வாக வந்திருக்கிறது. மாநில அரசு தன் பங்குக்கு லிட்டருக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும் தனியாக மதிப்புக் கூட்டு வரி வாங்கியது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் 29 காசுப் பேச்சைவிட இந்த 3 காசுக் கணக்கு வலுவானது. ஏனென்றால் இதைப் பெட்ரோல் பங்க் பில்லையும் அரசு அறிவிப்பையும் வைத்து யாரும் சரிபார்க்கலாம்.

"தெற்கு எப்போதும் தேய்ந்தது" என்பது

வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற முழக்கம் நம் சிறுவயதிலிருந்தே கேட்டது. சேலம் இரும்பாலைக்காகவும் தூத்துக்குடித் துறைமுகத்துக்காகவும் 1967-இல் எழுச்சி நாள் கொண்டாடினார்கள். சேலம் ஆலை உற்பத்தி தொடங்க 1982 ஆயிற்று. அது உண்மையான குறை. அதே சமயம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியதும், நெய்வேலி நிறுவனம் 1956-இல் வந்ததும், திருச்சிக்கு பாய்லர் தொழிற்சாலை வந்ததும் அதே பேரேட்டில்தான் இருக்கின்றன.

இரும்புக்கடைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு பதிவும் உண்டு. 1952 முதல் 1990-களின் தொடக்கம் வரை, சரக்குக் கட்டணச் சமன் என்று ஒரு கொள்கை இருந்தது. ஜாம்ஷெட்பூரில் வார்த்த இரும்பு அங்கே என்ன விலையோ, ஏறக்குறைய அதே விலையில் சென்னைக்கும் வரும். தூரத்துக்கான கூடுதல் கட்டணத்தை மற்றவர் தலையில் பிரித்துப் போட்டார்கள். இதனால் பீகார், மேற்கு வங்கம், ஒரிசா ஆகியவை சுரங்கத்தின் வாசலிலேயே இருந்தும், அருகில் இருப்பதன் லாபத்தை இழந்தன. தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் பெருக அது உதவிற்று. ஆனால் நம் பருத்திக்கு, வடக்கே கொண்டுபோனாலும் அப்படி ஒரு சமன் கிடையாது என்று பீகார்காரர் சொன்னால், அவர் பற்றையும் எழுதத்தான் வேண்டும்.

அரிசி வரியும் ரயில் பாதையும்

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு உதாரணங்கள் பார்ப்போம். ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளுக்கு 2022 ஜூலை 18 மறக்க முடியாத நாள். அன்றுமுதல் 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. பல ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட்டன. "டெல்லி அரிசிக்கு வரி போட்டது" என்று பேசினோம். தீர்மானம் 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஆயிற்று. அங்கே எல்லா மாநிலங்களும் உறுப்பினர். வரியில் பாதி மாநிலத்துக்கு. ஆனால் கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டு மூன்றில் ஒரு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே டெல்லி விரும்பாதது நிறைவேறாது என்பதும் உண்மை. நம் கோபத்தை டெல்லி, கோட்டை என இரண்டு முகவரிக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது, திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதை. 2006-07-இல் அனுமதியானது, இன்னும் முடியவில்லை. மாநிலத்தார், மத்திய அரசு பணம் ஒதுக்கவில்லை என்பார்கள். ஆம், சில பட்ஜெட்களில் பெயருக்கு ஆயிரம் ரூபாய் வைத்தார்கள். மத்திய அரசு, மாநிலம் நிலம் எடுத்துத் தரவில்லை என்கிறது. நாடாளுமன்றத்தில் ரயில்வே தந்த பட்டியலில், 71 கிலோமீட்டர் பாதைக்குத் தேவை 273 ஹெக்டேர், கைக்கு வந்தது 33 ஹெக்டேர் என்று இருந்தது. இருவர் சொல்வதும் பாதி பாதி உண்மை. முழுவதும் நஷ்டப்பட்டது சென்னைக்குச் சரக்கு அனுப்பும் நாமும், பேருந்தில் நின்றுகொண்டு கிரிவலம் வரும் பக்தர்களும்.

வதந்தியின் விலை

தப்பான கணக்கு வெறும் வாய்ப்பேச்சு என்று விட்டுவிட முடியாது என்பதற்கு 2023 மார்ச் சாட்சி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கோ எடுத்த வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். ஹோலிக்கு ஊர் போகக் கூடிய ரயில் நிலையக் கூட்டத்தைப் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள். திருப்பூரில் பதற்றம். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அச்செய்தி பொய் என்று தெரிந்தது. பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. அதற்குள் மூட்டை தூக்கவும், ஆலையில் அரவை பார்க்கவும் ஆள் இல்லாமல் தவித்தவர்கள் முதலாளிகள். கூலியை இழந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். "அவர்கள் நம் பணத்தைத் தின்கிறார்கள்" என்று இங்கேயும், "அவர்கள் நம்மை அடிக்கிறார்கள்" என்று அங்கேயும் பேசுவது ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

நம் கிடங்கைத் திறந்து பார்த்தால் குல்பர்கா துவரை, இந்தூர் கடலை, குண்டூர் மிளகாய், மகாராஷ்டிரச் சர்க்கரை, மத்தியப் பிரதேசப் பூண்டு என்று அடுக்கியிருக்கிறது. நம் மணிலாவும் அரிசியும் ஆரணிப் பட்டும் வெளியே போகின்றன. சரக்கு போய்வரும் வழியில் பகை வந்தால் முதலில் அடிபடுவது வியாபாரம்.

ஐந்தொகை

கடைசியில் நிற்பது என்ன? 29 காசு என்பதும், வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம் என்பதும் கணக்கில் நிற்காது. நிற்பவை மூன்று: தலைக்கணக்கில் சமப் பங்குக்கு 32 காசு குறைவு, பகிர்வுக்கு வராத செஸ், கால் நூற்றாண்டாக இறங்கிவந்த பங்கு. இவற்றை வைத்துக் கேட்டால் பலன் இல்லாமலும் போகவில்லை. 2024 நவம்பரில் 16-வது கமிஷன் சென்னை வந்தபோது தமிழ்நாடு 50 சதவீதப் பகிர்வு கேட்டது. கமிஷன் 41-ஐ மாற்றவில்லை. ஆனால் நாட்டின் மொத்த உற்பத்திக்கு ஒரு மாநிலம் தரும் பங்குக்கு முதல்முறையாக 10 மதிப்பெண் வைத்தது. 2026-31 காலத்துக்குக் கர்நாடகத்தின் பங்கு 3.647-லிருந்து 4.131 ஆயிற்று. நமக்கு 4.079-லிருந்து 4.097, சிறு ஏற்றம்தான், ஆனால் இறக்கம் நின்றது.

ஆகவே வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கக் கூட்டத்திலோ கடைப் பலகையிலோ யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டுக் கணக்கு? எந்தெந்த வரி சேர்ந்தது? தலைக்கு எவ்வளவு? கேட்பவர் நம் கட்சிக்காரரா, எதிர்க்கட்சிக்காரரா என்று பார்க்க வேண்டாம். அடுத்த முறை சங்கம் மனு எழுதும்போது டீசலின் 3 காசை முதல் வரியில் எழுதுவோம். எடைக்கல் சரியாக இருந்தால் எந்த அதிகாரி சோதித்தாலும் நாம் பயப்படத் தேவையில்லை.